ஆந்தைகள் போகும் வரைக்கும்

என் நெஞ்சைப் பிளந்து, இரத்தக் குழாய்களை மாற்றித் தைத்து, வீட்டுக்கு அனுப்பியபோது டொக்டர் சொன்ன விதிகளில் பெரும்பாலானவை கைகளைப் பற்றியவை. தோளுக்கு மேலே கையைத் தூக்கக் கூடாது. பாரமாக எதையும் எடுக்கக் கூடாது. எழும்பும்போது கையை ஊன்றக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். வீட்டுக்குள்ளே நடக்கலாம். கேற்றைத் தாண்டக் கூடாது.

எனக்குத் துறைமுகத்தில் கப்பல் சாமான்களை விடுவித்துக் கொடுக்கும் வேலை. கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கந்தோர். அங்கிருந்து சுங்கத்துக்கு, சுங்கத்திலிருந்து களஞ்சியத்துக்கு, திரும்பவும் கந்தோருக்கு என்று மீசை முளைத்த காலத்திலிருந்து ஓடினவன். மத்தியானச் சாப்பாட்டைக்கூட நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவன். அப்படிப்பட்டவனை வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள், பின் விறாந்தையில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிட்டு மனைவி பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விடுவாள். போகும்போது என்னுடைய போனையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போவாள். கந்தோரிலிருந்து யாராவது கோல் எடுத்தால் எனக்குப் பிறஷர் ஏறிவிடுமாம்.

வீட்டில் மிஞ்சியது நானும் மாமியும்.

மாமி என் மனைவியின் தாய். மாமா இறந்த பிறகு சாவகச்சேரியிலிருந்து எங்களோடு வந்திருந்தவர். அவர் வந்து வருசக்கணக்காகியும் நானும் அவரும் கதைத்த கதையை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். "சாப்பிட்டாச்சே தம்பி?" என்பார். "ஓம் மாமி" என்பேன். நான் விடியப் போய் இருண்ட பிறகு வருகிறவன். அதற்கு மேல் தேவைப்படவில்லை. இப்போது பகல் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். குசினியிலிருந்து இடைக்கிடை எட்டிப் பார்ப்பார். என் முகத்தைப் பார்ப்பதில்லை, நெஞ்சைத்தான் பார்ப்பார். அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். சில நாள் கழித்து எனக்கும் அது பழகிவிட்டது. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் கண்ணை மூடியிருந்தாலும் ஒருக்கால் செருமிக் காட்டுவேன். சமாதானமாகத் திரும்பிப் போவார்.

என்னால் இருக்க முடியவில்லை. ரீவியைப் போட்டால் அரைவாசியில் நிறுத்திவிடுவேன். பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். விறாந்தையின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கு நடந்தால் நெஞ்சில் தைக்கக் காலிலிருந்து நரம்பெடுத்த இடம் இழுக்கும். உட்கார்ந்தால் நெஞ்செலும்பு குத்தும். கடற்கரைப் பக்கமாக ரயில் போகும் ஒவ்வொரு தடவையும், அதில் ஏறி எங்கேயாவது போய்விட வேண்டும் என்று கால் துடிக்கும்.

எங்கள் பின்வளவு பெரிதல்ல. ஒரு மாமரம், உடுப்புத் தோய்க்கிற கல், ஒரு நைலோன் கொடி, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் தொடர்மாடிகள் எழும்பி வெயிலை மறைத்துவிட்டன. மாமரத்துக் கவரில், கிளை பிரிகிற இடத்தில், ஒரு மரப்பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கொரோனாவுக்கு நாட்டைப் பூட்டிய நேரம், சும்மா இருக்க முடியாமல், பழைய அலுமாரிக் கதவை அறுத்து நான் அடித்த பெட்டி. கிளிகள் வரும் என்று ஒரு வட்ட ஓட்டையும் போட்டிருந்தேன். ஒரு கிளியும் வரவில்லை. அணில்கள் தும்பைக் கொண்டுபோய் அடைந்ததோடு நானும் அதை மறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு கிழமை இருக்கும். விளக்கு வைக்கிற நேரம் விறாந்தையில் நடந்துகொண்டிருந்தபோது அந்த ஓட்டைக்குள் ஒரு முகம் தெரிந்தது. தட்டையான, சாம்பல் நிற முகம். காதுபோல இரண்டு குடுமி. என்னைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லாமல், எறிந்த துணிபோல, வெளியே வந்து மதிலைத் தாண்டிப் போய்விட்டது. பின்வீட்டு வேப்பமரத்திலிருந்து "உவக்?" என்று ஒரு குரல். ஏதோ கேள்வி கேட்பதுபோல. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் "உவக்?"

"மாமி, இஞ்ச வந்து பாருங்கோ, எங்கட பெட்டிக்குள்ள ஆந்தை!" என்றேன்.

மாமி குசினி வாசலிலேயே நின்றார். அவருக்கு அது புதினமாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது. "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாமி அறை விளக்கை ஏற்றினார்.

அடுத்த நாள் காலையில் எங்களை வழக்கமாக ஏற்றி இறக்கும் ஆட்டோக்காரப் பொடியனோடு அவர் கேற்றடியில் கதைப்பது கேட்டது. மதிலோடு கிடக்கும் ஏணியை வைத்து ஏறி மாமரத்துப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய் எங்கேயாவது தூரத்தில் போட முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு நடந்தேன்.

"ஏன் மாமி கழட்டுறது?"

"சும்மாதான். பழசாப் போச்சு. ஆற்றையும் தலையில விழுந்திடும்."

"அதுக்குள்ள குஞ்சு இருக்கும் போல. கழட்ட வேண்டாம்."

அவர் சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் சொன்னார்.

"தம்பி, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன கிழமைதான் அது வந்தது. நீங்கள் அங்க ஐசியூவில கிடக்க, இது இஞ்ச இருந்து கத்துது. மாமா போற நேரமும் இப்பிடித்தான், கிணத்தடிப் பூவரசில இருந்து கத்தினது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

நான் சிரித்தேன். அது ஒரு பறவை, பல்லி பிடித்துத் தின்ன வந்திருக்கிறது என்றேன். ஆட்டோக்காரனை அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று பொழுதுபட்ட பிறகு "உவக்?" என்று கேட்டதும் என் கை தானாக மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது. அதற்கு முதல் நாள்வரை எனக்கு அது வெறும் சத்தம். மாமி சொன்ன பிறகு அது என்னை நோக்கி வருகிற சத்தமாகிவிட்டது. ஒரு கூவலுக்கும் அடுத்த கூவலுக்கும் இடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். படுத்தாலும் காது அங்கேயே இருக்கும். மனைவி கேட்டால் கால் நோகிறது என்று சொல்வேன்.

கடைசியில் அவள்தான் ஒரு தீர்ப்புச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் தாயைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, குஞ்சோட இருக்கிற கூட்டைக் கழட்டினா அதுதான் பாவம்."

மாமி கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "அப்ப குஞ்சுகள் போனாப் பிறகு?"

"போனாப் பிறகு கழட்டுவம்." என் பக்கம் திரும்பினாள். "என்னப்பா, சரிதானே?"

"நீரே சொல்லிட்டீர். சரி" என்றேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் ஆந்தைகள் எப்போது போகும் என்றுதான் காத்திருந்தோம். மாமி ஒரு காரணத்துக்காக, நான் எனக்கே பிடிபடாத ஒரு காரணத்துக்காக. போய்விட்டால் நிம்மதி என்று பகலில் நினைப்பேன். பொழுது சாயத் தொடங்கினால் கதிரையைத் தூக்கக் கூடாது என்பதால் காலால் தள்ளித் தள்ளி மாமரத்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு இருப்பேன். பகல் முழுக்க என்னால் இருக்க முடிந்த ஒரே நேரம் அதுதான்.

குஞ்சுகள் மூன்று. முதலில் சத்தம்தான் கேட்டது. பிறஷர் குக்கர் விசிலடிப்பதற்கு முன் சீறுவதுபோல ஒரு சீறல். பிறகு ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக ஓட்டைக்குள் முகங்கள். பஞ்சை உருட்டி இரண்டு கரிய மணியைப் பதித்த மாதிரி. எதைப் பார்த்தாலும் தலையை வட்டமாக ஆட்டி ஆட்டிப் பார்க்கும். என்னையும் அப்படித்தான் அளந்தன. தாய் வரும், ஓட்டை விளிம்பில் ஒரு கணம் தொங்கும், போகும். அதன் வாயில் வால் ஆடிக்கொண்டிருக்கும்.

மாமி குசினி வாசலில் எனக்கு முதுகைக் காட்டியபடி தேங்காய் துருவுவார். துருவலை நிறுத்தாமலே கேட்பார்.

"என்ன கொண்டு வருது?"

"பல்லி, மாமி."

"சிவ சிவா."

இந்தப் புதினம் எங்களோடு நிற்கவில்லை. பக்கத்துத் தொடர்மாடியில், எங்கள் வளவைப் பார்த்த பல்கனியில் ஒரு சிங்களப் பிள்ளை, அண்மையில் கல்யாணம் செய்து வந்தவள். ஒரு நாள் உடுப்பு எடுக்க வந்தவள் மாமரத்தைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"அன்ட்டி! அர பலன்ன! பஸ்ஸா! பஸ்ஸா!"

மாமி கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார். "பஸ்ஸா? எந்த பஸ்? இந்த ஒழுங்கைக்குள்ள பஸ் எப்பிடி வரும்?"

'அங்க பாருங்கோ' என்கிறாள், சிங்களத்தில் ஆந்தைக்குத்தான் பஸ்ஸா என்று பெயர் என நான் விளக்கினேன். சிரிக்கப்போய் நெஞ்சு வலித்தது. தலையணையை அணைத்துக்கொண்டு சிரித்தேன். மாமியின் வாயோரம் கொஞ்சம் கோணியது. அதைச் சிரிப்பு என்று சொன்னால் கோபிப்பார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தப் பிராணியை ஆந்தை என்று சொல்வதை விட்டுவிட்டார். "பஸ் வந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார். அந்தப் பெயரில் பயம் குறைவாக இருந்திருக்க வேண்டும்.

முதல் குஞ்சு ஒரு வெள்ளிக்கிழமை போனது. கோயில் மணி கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டியின் கூரைக்கு ஏறி நின்று, செட்டையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தது. போவதுபோல் முன்னால் சாயும், பிறகு பின்வாங்கும். வேம்பிலிருந்து தாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ரயில் ஒன்று இரைந்துகொண்டு போக, அந்த இரைச்சலிலே பாய்ந்துவிட்டது. பறந்தது என்று சொல்ல முடியாது. நேராக வந்து நைலோன் கொடியைப் பிடித்து, கொடி ஆட, தானும் தலைகீழாக ஆடி, பொத்தென்று மதிலில் விழுந்து, அங்கிருந்து தத்தித் தத்தி வேம்புக்குப் போய்ச் சேர்ந்தது. அது போன பிறகுதான் நான் எழுந்து நிற்பதையும், இரண்டு கையையும் கதிரையில் ஊன்றி எழுந்திருப்பதையும் உணர்ந்தேன். நெஞ்செலும்பைச் சேர்த்துக் கட்டியிருந்த கம்பி உள்ளே இழுத்தது.

இரண்டாவது குஞ்சு போனதை நான் காணவில்லை. மாமி மாத்திரைக்குக் கூப்பிட்டார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டது. அத்தனை நாள் காவல் இருந்தது இதற்கா என்று எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு நியாயமும் இல்லை. அன்று மாமியோடு கதைக்கவே இல்லை.

மூன்றாவது போகவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. ஓட்டைக்குள் தலையை வைத்துக்கொண்டு சீறிக்கொண்டே இருந்தது. தாய் வாயில் இரையோடு வந்து எதிர்க் கிளையில் நிற்கும். பெட்டிக்கு வராது. காட்டிவிட்டுத் திரும்பிப் போகும். இது கத்தும். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. 'வாவன், வந்து தொலையன்' என்று மனதுக்குள் திட்டுவேன். விடிந்ததும் மாமி கேட்பார், "இன்னும் நிக்குதே?" நான் தலையாட்டுவேன். பசியில் செத்துப்போகுமோ என்று இருவருமே பயந்தோம், இருவருமே சொல்லவில்லை.

ஒரு பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கடலிலிருந்து காற்று. இருட்டைப் பார்த்து ஏமாந்ததோ, பசி தாங்கவில்லையோ, அந்தக் குஞ்சு பகலிலேயே ஓட்டை விளிம்புக்கு வந்து குந்தியது. காகங்கள் கண்டுவிட்டன. முதலில் ஒன்று கரைந்தது. நொடியில் மரம் கறுத்துப்போனது. ஒரு காகம் பின்னாலிருந்து வந்து செட்டையைப் பிடித்து இழுத்தது. குஞ்சு கிளையில் அடிபட்டு, தோய்க்கிற கல்லடியில் போய் விழுந்தது.

நான் கத்தினேன். கத்தியது காகங்களுக்குக் கேட்கவே இல்லை, எனக்குத்தான் நெஞ்சு நொந்தது. படியிறங்கி ஓடவும் முடியாது, ஒரு கல்லை எடுத்து எறியவும் கை எழும்பாது. அந்த நிமிசத்தில் என்னுடைய இரண்டு கையையும் நான் வெறுத்த மாதிரி வேறெதையும் வெறுத்ததில்லை.

எனக்குப் பக்கத்தால் மாமி போனார். கொடிக்கு முட்டுக் கொடுக்கிற தடியைப் பிடுங்கி, சீலையைச் சொருகிக்கொண்டு, தடியைச் சுழற்றினார்.

"சூய்! போங்கோ! போங்கோ சனியன்கள்! இந்த வளவுக்குள்ள ஒண்டும் சாகக் கூடாது! சொல்லிப் போட்டன், ஒண்டும் சாகக் கூடாது!"

பல்கனியிலிருந்து அந்தச் சிங்களப் பிள்ளையும் ஒரு சட்டி மூடியைக் கரண்டியால் அடித்துச் சத்தம் போட்டாள். காகங்கள் தொடர்மாடி விளிம்புக்குப் பின்வாங்கின, ஆனால் போகவில்லை. குஞ்சு கல்லோடு ஒட்டி, செட்டையை விசிறிபோல் விரித்து, அலகைத் தட்டிக்கொண்டிருந்தது. மாமி அரிசி போட்டு வைக்கிற பனையோலைக் கடகத்தைக் கொண்டு வந்து அதற்கு மேல் கவிழ்த்தார். மழையின் முதல் துளிகள் விழத் தொடங்கின.

பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட வேண்டும், எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். மதிலோடு ஏணி சாய்த்திருந்தது. என்ன நினைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஏணியைக் காலால் தள்ளி மரத்துக்கு நகர்த்தி, முதல் படியில் கால் வைத்து, மேலே பிடிக்கக் கையைத் தூக்கினேன்.

"டேய்! இறங்கடா!"

கல்யாணத்துக்குப் பிறகு என்னை ஒருவரும் டேய் என்று கூப்பிட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். மாமி காகத்துக்கு ஓங்கிய தடியை எனக்கு ஓங்கிக்கொண்டு நின்றார்.

"உனக்கு விசரே? இப்பத்தானே தைச்சு விட்டவங்கள்! என்ர பிள்ளையத் தனிய விட்டுட்டுப் போகப் போறியே? நான் அனுபவிக்கிறது காணாதே?"

நான் இறங்கினேன். மாமி தோய்க்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. அவர் அழுதாரா, அது மழைத் தண்ணியா என்று எனக்குத் தெரியவில்லை. நான் உள்ளே போய் இரண்டு குடைகளை எடுத்து வந்தேன். அவருக்குப் பிடிக்கப் போனால், "அதுக்குப் பிடியுங்கோ" என்று கடகத்தைக் காட்டினார். திரும்பவும் மரியாதையான 'ங்கோ' வந்துவிட்டது. ஒரு குடையைக் கடகத்துக்கு மேலேயும் இன்னொன்றை எங்களுக்கு மேலேயும் விரித்துவிட்டு இரண்டு பேரும் கல்லில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். கடகத்துக்குள் அலகு தட்டுப்படும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மனைவி நனைந்துபோய் வந்தபோது எங்களை அந்தக் கோலத்தில் கண்டாள். யார் முதலில் திட்டு வாங்குவது என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஏணிக் கதையை மாமி சொல்லவில்லை.

மழை விட்டதும் அவள் ஒரு தடித்த துவாயால் குஞ்சைச் சுற்றி எடுத்து, கைக்கெட்டிய முதல் கவரில் வைத்தாள். அது கொஞ்ச நேரம் விறைத்துப்போய் இருந்தது. பிறகு நாங்கள் ஒருவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தது. பறக்கவில்லை, ஏறியது. நகத்தால் பட்டையைப் பற்றி, அலகாலும் கடித்துப் பிடித்து, செட்டையை அடித்து அடித்து, மரத்தில் ஏறியது. வழுக்கும். தொங்கும். திரும்ப ஏறும். பெட்டிக்குப் பக்கத்தால் போனது, பெட்டிக்குள் போகவில்லை. அதற்கும் மேலே, நல்லாய் இலை அடர்ந்த இடத்துக்குப் போய் நின்றது. மங்கல் வெளிச்சத்தில் தாய் வந்தது. இந்தத் தடவை காட்டிவிட்டுத் திரும்பவில்லை. பக்கத்தில் போய் இருந்து வாய்க்குள் வைத்தது.

"திண்டிட்டுது" என்றார் மாமி. குசினி வாசலில் அல்ல, எங்களோடு நின்றுதான் பார்த்தார்.

அடுத்த நாள் பொழுதுபடும்போது அது அந்தக் கிளையிலிருந்து ஒரே மூச்சில் மதிலுக்கு மேலாகப் பறந்து வேம்புக்குள் போனது. கொடியில் தொங்கவில்லை, எங்கேயும் விழவில்லை. சத்தம்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏனோ சந்தோசம் வரவில்லை. எழும்பித் திரும்பவும் விறாந்தையில் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

குஞ்சுகள் போனால் கழட்டுவம் என்று மகள் சொன்ன சொல்லை மாமி மறக்கவில்லை. அந்தக் கிழமையே ஆட்டோக்காரப் பொடியன் வந்து ஏணியில் ஏறினான். பெட்டியை இறக்கித் தோய்க்கிற கல்லில் வைத்து மூடியைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினான். மாமியும் நானும் குனிந்து பார்த்தோம். தும்பு, எச்சம், சின்னச் சின்ன எலும்பு, பல்லி வால். அதற்குமேல் எல்லாம் கரப்பான் செட்டைகள். அடுக்கடுக்காக, மண்ணிற மினுக்கத்தோடு, ஒரு சட்டி நிறையக் கொட்டலாம் போல.

மாமியின் முகம் மாறியது. "இவ்வளவும் எங்கட வீட்டுக் கரப்பானே?"

"அப்பிடித்தான் இருக்கும், மாமி."

"இருக்காது. நான் குசினியை ரெண்டு நேரமும் கழுவிறனான்." நிமிர்ந்து தொடர்மாடியைப் பார்த்தார். "அந்த பிளட்ஸிலயிருந்துதான் பிடிச்சிருக்கும்."

பெட்டியை டெற்றோல் விட்டுக் கழுவி வெயிலில் வைத்தார். எறியச் சொல்லவில்லை. திரும்பக் கட்டச் சொல்லவும் இல்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அது விறாந்தை மூலையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் கேற்றைத் தாண்ட அனுமதி தந்தார். மெதுவாக, ஆள் துணையோடு. மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரைக்கும் பொறுக்க என்னால் முடியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போனால், அங்கே மாமி குடையும் கையுமாக நின்றார்.

"தனியப் போக விடமாட்டன். எனக்கும் காலை நீட்ட வேணும்" என்றார்.

ஒழுங்கை முடிவில் தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். மாமி வேகமாக நடக்கிறவர் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. நான் மூச்சு வாங்கி நிற்க, அவர் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். கடலரிப்புக்குக் கொட்டியிருந்த பாறைக்கற்களில் இருக்க இடம் பார்த்து இருவரும் அமர்ந்தோம். அலை பெரிதாக இருந்தது. பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நிலத்தை அதிரவைத்துக்கொண்டு போனது. அது போய் முடியுமுன்னே மாமி எழும்பிவிட்டார்.

"வாங்கோ, பருப்பை அடுப்பில வச்சிட்டு வந்தனான்" என்றார்.